பஸ்ஸை நம்பி ஏறும் மனம்: பொதுப் போக்குவரத்துப் பாதுகாப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

என் தங்கை மகள் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். இரவு ஒன்பது மணிக்குக் கடை அடைப்பார்கள். பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கிவிட்டு ஓடினால் ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். போன தை மாதம் அவளுடைய அப்பா, "போதும், வேலையை விட்டுரு" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று அவளைக் கேட்டேன்.

"பஸ்ஸுக்குள்ள ஒண்ணும் பயமில்ல பெரியம்மா. ஏறுற வரைக்குந்தான். அப்பறம் எறங்குனதுக்கப்பறம்."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்தான். பஸ் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் நம் ஊரில் இரண்டு குரல்கள்தான் கேட்கும். "கேமரா வைக்கணும், போலீஸ் போடணும்" என்பது ஒன்று. "நம்ம பக்கம் அப்படி எதுவும் நடந்ததே இல்லையே" என்பது மற்றொன்று. அவள் பயப்படும் இடத்துக்கு இரண்டுமே போய்ச் சேரவில்லை. பாதுகாப்பு என்பது எதெல்லாம் சேர்ந்தது, நம்பிக்கை என்பது எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இதற்குப் பொறியியல் படிப்பு எதுவும் தேவையில்லை.

ஊருணித் தண்ணீர்

செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊர் அரிது. குடிதண்ணீர் ஊருணி என்றால் காலைக்கூட நனைக்க விடமாட்டார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்பது ஒன்று. அதைப் பார்த்தவருக்குக் குடிக்க மனம் வருகிறதா என்பது இன்னொன்று. சோதனைச் சாலையில் நல்ல தண்ணீர் என்று சான்று வந்திருக்கும். ஆனால் கரையோரம் பாலித்தீன் பை மிதந்தால் யாரும் குடத்தை எடுத்துப் போகமாட்டார்கள். அதே போலக் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம்.

பஸ் பயணத்துக்கும் இந்த இரண்டு கேள்விகள் உண்டு. விபத்து, திருட்டு, சீண்டல் ஆகியவை உண்மையில் எவ்வளவு நடக்கின்றன என்பது முதல் கேள்வி. இதை மெய்ப்பாதுகாப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியில் போகிறவர் தன் மனத்தில் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறார் என்பது இரண்டாவது. இதற்கு உணரப்படும் பாதுகாப்பு என்று பெயர். பயண நம்பிக்கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

இரண்டாவதை 'வெறும் மனப்பிரமை' என்று தள்ளிவிடுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடே இல்லை. ஒரு பெண் வேலையை விடுவதும், கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்துவதும், ஒரு முதியவர் கண் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் இந்த உணர்வால்தான். பயம் மனத்துக்குள் இருந்தாலும் அதனால் வரும் இழப்பு வெளியில்தான் நடக்கிறது.

"இங்கே எதுவும் நடந்ததில்லை" என்ற வாதத்தின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. இருட்டிய பிறகு பெண்கள் யாருமே போகாத சாலையில் பெண்களுக்கு எதிரான குற்றம் பூஜ்யமாகத்தான் இருக்கும். ஆள் போகாததால் வந்த பூஜ்யம் அது. அதைப் பாதுகாப்பு என்று கணக்கெழுத முடியாது.

சுருக்கமாக: பாதுகாப்பாக இருப்பதும் பாதுகாப்பாக உணர்வதும் வேறு வேறு. இரண்டையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கயிற்றில் நைந்த முழம்

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குத் தெரியும். கயிறு முழுக்கப் புதிதாக இருந்து ஒரே ஒரு முழம் நைந்திருந்தாலும் வாளி கிணற்றுக்குள் போய்விடும். மீதிக் கயிறு எவ்வளவு உறுதி என்பது அப்போது யாருக்கும் முக்கியமில்லை.

பயணமும் அப்படித்தான். நாம் பஸ்ஸில் ஏறுவதிலிருந்து இறங்குவது வரைதான் பயணம் என்று நினைக்கிறோம். போக்குவரத்து நடத்துகிறவர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது பஸ் மட்டும்தான். பயணிக்கோ பயணம் வீட்டு வாசற்படியில் தொடங்கிவிடுகிறது. சந்து, பிறகு மெயின் ரோடு, நிறுத்தம், காத்திருப்பு, ஏறுவது, உட்காருவது அல்லது நிற்பது, இறங்குவது, மறுபடியும் நடை. வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்கும், நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் உள்ள இந்த நடைப் பகுதிகளைத்தான் முதல் மைல், கடைசி மைல் என்கிறார்கள். மைல் என்பது ஒரு பேச்சுக்குத்தான். முந்நூறு அடியாகவும் இருக்கலாம்.

என் தங்கை மகளுக்கு நைந்த முழம் எது? அவள் இறங்கும் விலக்கு ரோட்டிலிருந்து ஊருக்குள் போகும் பாதை. இருபுறமும் கருவேல மரம். தெருவிளக்கு தொடங்குவதே பிள்ளையார் கோயிலுக்குப் பிறகுதான். பஸ்ஸுக்குள் நாலு கேமரா வைத்தாலும் அந்தப் பாதையில் ஒரு மாற்றமும் வராது.

இதை அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் எந்தத் திட்டமும் இல்லாமல் பாதி தீர்த்து வைத்தார். ஒரு நாள் அவள், "அண்ணே, கோயில் முக்குல கொஞ்சம் நிப்பாட்ட முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள். "அதுக்கென்னம்மா" என்று சொல்லி, விலக்கைத் தாண்டி விளக்கு இருக்கும் முக்கில் ஒரு விசில் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். அப்புறம் தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது.

இந்தச் சின்னச் செயலுக்கு வெளிநாட்டில் முறையான திட்டமே இருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரப் போக்குவரத்து நிறுவனம் 1991ல் இதைத் தொடங்கியது. இரவு 9 மணிக்குப் பிறகு தனியாகப் போகும் பெண்கள் கேட்டால், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் டிரைவர் நிறுத்துவார். பிறகு இது எல்லாப் பயணிகளுக்கும் ஆனது. மாண்ட்ரியல் நகரம் 1996ல் இதேபோல ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புதிய பஸ் வேண்டாம், கருவி வேண்டாம், டிரைவருக்கு ஓர் உத்தரவு போதும். நம் கண்டக்டர் செய்ததற்கும் அதற்கும் ஒரு வித்தியாசம்தான். அவர் இடம் மாறிப் போனால் நம் ஊரில் அந்த நிறுத்தமும் போய்விடும். அங்கே அது விதியாக எழுதப்பட்டிருப்பதால் எந்த டிரைவர் வந்தாலும் நிற்பார்.

நின்றுகொண்டிருக்கும் நேரம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்பிக்கை அதிகமாகக் கரைவது இங்கேதான்.

ஓடும் பஸ்ஸில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பதும், நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்பதும் கடிகாரத்துக்கு ஒன்றுதான். மனத்துக்கு அப்படி இல்லை. பயணிகளின் நேரத்தைக் கணக்கிடும் திட்டமிடுவோர், காத்திருக்கும் ஒரு நிமிடத்தை ஓடும் பஸ்ஸில் கழியும் ஏறக்குறைய இரண்டு நிமிடமாக எடுத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பாதுகாப்பில்லை என்று தோன்றும் இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும் பெண்கள், அந்த நேரத்தை உண்மையைவிட மிக நீளமாக உணர்கிறார்கள். அதே இடத்தில் நிற்கும் ஆண்கள் உணர்வதைவிடவும் நீளமாக. உட்கார ஒரு பெஞ்சு, மேலே ஒரு கூரை, அடுத்த பஸ் எப்போது என்ற தகவல், இந்த மூன்றும் இருந்தால் காத்திருப்பு நேரம் குறைவாகத் தெரிகிறது என்றும் அதில் கண்டார்கள்.

தகவல் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? பயத்துக்குள் இருப்பது தெரியாமைதான். "இன்னும் பன்னிரண்டு நிமிஷம்" என்று தெரிந்தால் பக்கத்து டீக்கடை வாசலில் போய் நிற்கலாம், வீட்டுக்குப் போன் செய்யலாம். பஸ் வருமா, போய்விட்டதா, இன்றைக்கு இந்த நடை உண்டா இல்லையா என்று எதுவுமே தெரியாதவர் எங்கும் நகர முடியாமல் சாலை ஓரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பார். தொந்தரவு செய்ய நினைக்கிறவனுக்கும் அது நன்றாகத் தெரியும்.

எனக்கும் ஒருமுறை அப்படி ஆனது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு, மகளுடன் ஒரு நிறுத்தத்தில் நின்றேன். மணி எட்டே முக்கால். ஒரு பஸ் வந்தது, எங்களைப் பார்த்தபடியே நிற்காமல் போய்விட்டது. நிறுத்தத்தில் நின்றது நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான். அடுத்த பஸ் வந்தபோது ஒன்பதே முக்கால். அந்த ஒரு மணி நேரத்தில் கெட்டது எதுவும் நடக்கவில்லை. ஒரு பைக் மூன்று முறை மெதுவாகக் கடந்து போனது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு என் மகள் அந்தப் பக்கம் பஸ்ஸில் வர மறுத்துவிட்டாள். எந்தப் புகார்ப் புத்தகத்திலும் இது பதிவாகாது. ஒரு பயணியை இழந்த கணக்கு எங்கும் ஏறவில்லை.

அடுத்தடுத்த இரண்டு பஸ்களுக்கு நடுவில் உள்ள காலத்தை இடைவெளி நேரம் என்பார்கள். பதினைந்து நிமிட இடைவெளியில் ஒரு பஸ் நிற்காமல் போனால் அது எரிச்சல். ஒரு மணி நேர இடைவெளியில் போனால் அது ஆபத்து. டிரைவர் செய்யும் தவறு ஒன்றுதான், விளைவு இடைவெளியைப் பொறுத்து மாறுகிறது. கடைசி பஸ் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: நேரத்துக்கு வந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் பஸ்ஸைவிடப் பெரிய பாதுகாப்புக் கருவி எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் பஸ் எங்கே வருகிறது என்று போனில் பார்க்க 2022ல் 'சென்னை பஸ்' செயலி வந்தது. நம் பக்கத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோட்டையூரிலும் புதுவயலிலும் கல்லலிலும் நிறுத்தத்துச் சுவரில் பெயிண்ட்டால் நேரம் எழுதி, கடைசி பஸ் நேரத்தைச் சிவப்பில் எழுதி, எழுதியபடி ஓட்டினாலே போதும். சென்னையிலிருந்து இரவு பல்லவன் ரயிலில் காரைக்குடி ஜங்ஷனில் வந்து இறங்குகிறவருக்கு, வெளியே டவுன் பஸ் நிற்குமா என்பது ரயிலுக்குள்ளேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் அவர் வீட்டில் யாரையும் பைக்கில் வரச் சொல்லாமல் தனியாக வருவார்.

இதுவரை பார்த்தது: பயணம் வாசலிலிருந்து வாசல் வரை நீளமானது. அதில் பெரும்பாலும் நைந்திருப்பது காத்திருப்பும் கடைசி நடையும். இடைவெளி குறைவதும், நேரம் முன்கூட்டியே தெரிவதும் அந்த இடத்தை உறுதியாக்கும்.

முகப்பும் பின்சுவரும்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ நடந்து பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் முகப்பாகத் தொடங்கி, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, அடுத்த தெருவில் பின்வாசலாக முடியும். அதனால் ஒரு தெரு முழுக்க முகப்பும் திண்ணையுமாக இருக்கும். அடுத்த தெருவில் இரண்டு பக்கமும் நெடுஞ்சுவர்தான், நடுவில் சின்னச் சின்னக் கதவுகள்.

இரவு எட்டு மணிக்கு எந்தத் தெரு வழியாக நடப்பீர்கள்? யோசிக்காமலே கால் முகப்புத் தெருவுக்குப் போகும். திண்ணையில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தால் போதும். அவர் காவல் காப்பதற்காக உட்காரவில்லை, காற்று வாங்குவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார். "யாரு, இன்னார் மகளா? இந்நேரத்துல எங்கிட்டு?" என்று ஒரு கேள்வி வரும். நமக்கு அது சில நேரம் தொந்தரவாகக்கூட இருக்கும். ஆனால் பின்னால் வருகிறவனுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரிக் கேட்கும்.

இப்படித் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் ஓர் இடத்தைத் தற்செயலாகக் கவனிப்பதற்கு இயல்பான கண்காணிப்பு என்று பெயர். பஸ் நிறுத்தத்துக்கு இடம் தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் இது. பூக்கடை, இட்லிக்கடை, மருந்துக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு இவற்றின் பக்கத்தில் நிறுத்தம் இருந்தால் சம்பளம் வாங்காத பத்துக் கண்கள் கிடைத்துவிடும். 'போக்குவரத்துக்கு இடைஞ்சல்' என்று நிறுத்தத்தை ஊருக்கு வெளியே, ஒரு காம்பவுண்டு சுவர் ஓரமாகத் தள்ளி வைக்கும்போது அந்தக் கண்களை இழக்கிறோம்.

இதில் நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெரிய வீடுகள் பல, கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறப்பவை. குடும்பங்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும். முகப்பு இருக்கிறது, திண்ணை இருக்கிறது, உட்கார ஆள் இல்லை. மற்ற ஊர்களில் தானாகக் கிடைக்கும் கண்கள் இங்கே கிடைக்காது என்பதால் விளக்கும், நிறுத்தத்தின் இடமும் இங்கே இரட்டிப்பு முக்கியம். நிழற்குடை கட்டும்போதும் இதை நினைக்க வேண்டும். மூன்று பக்கமும் சுவர் எழுப்பி, அதில் விளம்பரம் எழுதிவிட்டால் உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார். தூணும் கூரையும் போதும். உள்ளே நிற்கிறவரை வெளியே போகிறவர் பார்க்க வேண்டும், வெளியே இருந்து வருகிறவரை உள்ளே நிற்கிறவரும் பார்க்க வேண்டும்.

பஸ்ஸுக்குள்ளும் இதே விதிதான். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இன்று அதை விடியல் பயணம் என்கிறோம். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. பணத்தைத் தாண்டி எனக்குப் பெரிதாகத் தெரிவது, பஸ்ஸுக்குள் பெண்கள் நிறைந்துவிட்டது. பத்துப் பெண்கள் இருக்கும் பஸ்ஸில் பதினோராவது பெண் தயங்காமல் ஏறுவாள்.

கேமராவும் பொத்தானும் செய்யக்கூடியது

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு கேட்போம்.

கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். நடக்கும்போது தடுக்க அதற்குக் கை கிடையாது. 'மாட்டிக்கொள்வோம்' என்று தப்பு செய்பவன் நம்பினால் அது தடுக்கும். இரண்டு தடவை புகார் கொடுத்தும் படம் கிடைக்கவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பயமும் போய்விடும்.

அவசரப் பொத்தானும் அப்படியே. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. சென்னை மாநகரப் பேருந்துகளில் பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியிலிருந்து கேமராவும் பொத்தானும் 2022 முதல் பொருத்தப்பட்டன. பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? கட்டுப்பாட்டு அறையில் ஒலி எழும்பும், அங்கே இருப்பவர் பஸ் எங்கே என்று பார்ப்பார், அந்த இடத்துக்கு ஆளை அனுப்புவார். இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் பொத்தான் வெறும் பிளாஸ்டிக். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் அழைப்பு மணியை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் கதவு திறக்காது, உள்ளே ஆள் இருந்தால்தான் திறக்கும். ஆகவே 'எத்தனை பஸ்ஸில் பொத்தான் வைத்தீர்கள்' என்பதோடு 'அழுத்தினால் எத்தனை நிமிஷத்தில் யார் வருவார்' என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

விசில் வைத்திருப்பவர்

ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த மொழி. குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் ஓர் ஆச்சி படியில் ஏறுவதைப் பாருங்கள். ஒரு கையில் அர்ச்சனைப் பை. இன்னொரு கை கம்பியைத் தேடும். வலது கால் படியில், இடது கால் இன்னும் தரையில். இந்த நொடியில் இரட்டை விசில் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்தபடியே பின்படியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். "ஆச்சி, புடிச்சுக்கிட்டீகளா?" என்பார். பிறகுதான் ஊதுவார். ஏறும்போதும் இறங்கும்போதும் விழாமல் இருப்பதும் பாதுகாப்புதான், அதை மறந்துவிட்டுச் சீண்டலை மட்டும் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும். படிக்கட்டில் தொங்குவதும் இதே கணக்கில் வரும். மோட்டார் வாகனச் சட்டமே அதைத் தடை செய்கிறது.

சீண்டல் நடந்தால் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் சட்டப்படியே கடமை உண்டு. இதைப் பலர் அறிந்திருக்கவில்லை என்பதால் விவரமாகச் சொல்கிறேன். 1998ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலால் உயிரிழந்ததைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், பஸ்ஸை அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2012ல் இதையே உத்தரவிட்டது. செய்யாத வண்டியின் பெர்மிட்டை ரத்து செய்யலாம் என்றும் சேர்த்தது. 2022ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பெண் பயணியை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது எல்லாவற்றையும் குற்றமாக எழுதினார்கள். அப்படிச் செய்பவரைக் கண்டக்டர் இறக்கிவிடலாம், காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம்.

சட்டம் இருந்தும் பெண்கள் ஏன் வாய் திறப்பதில்லை? சொன்னால் பஸ்ஸில் இருப்பவர்கள் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்களா, அவனைத் திரும்பிப் பார்ப்பார்களா என்று தெரியாது. "விடும்மா, எடம் மாறி ஒக்காரு" என்று கண்டக்டர் சொல்லிவிட்டால் அவள் அடுத்த முறை சொல்லமாட்டாள். "தம்பி, எந்திரிச்சு முன்னாடி வா" என்று அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால், புகார் சொன்னவள் மட்டுமல்ல, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு பெண்ணும் அடுத்த நாள் தைரியமாக ஏறுவாள். கண்டக்டர் பயிற்சியில் டிக்கெட் கருவிக்குக் கொடுக்கும் நேரத்தில் கால் பங்கு இதற்கும் கொடுக்கலாம்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்: அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181, ரயிலில் என்றால் 139. டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள், கட்டணமில்லா டிக்கெட்டாக இருந்தாலும் சரி. எந்தப் பஸ்ஸில், எப்போது போனீர்கள் என்பதற்கு அதுதான் சான்று.

புகார் கூடுவது நல்லதா கெட்டதா?

ஒரு வருடம் பத்துப் புகார், அடுத்த வருடம் முப்பது. நிலைமை மோசமாகிவிட்டது என்று செய்தி வரும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லண்டனில் 2013ல் பஸ், ரயில்களில் நடக்கும் சீண்டலைத் தயங்காமல் சொல்ல வைக்க ஒரு பெரிய முயற்சி எடுத்தார்கள். புகார்கள் கூடின. கூட வேண்டும் என்பதுதான் நோக்கமே, ஏனென்றால் அதற்கு முன் நடந்தவற்றில் பெரும் பகுதி வெளியே வராமலே இருந்தது. புதிதாகத் திறந்த மருத்துவமனைக்கு நோயாளிகள் வருவதால் ஊரில் நோய் கூடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே. முதலில் புகார் கூடும், நடவடிக்கை தொடர்ந்தால் பிறகு குறையும். முதல் கட்டத்திலேயே பயந்து எண்ணை மறைக்கிற நிர்வாகம் இரண்டாம் கட்டத்துக்குப் போகவே போகாது.

சுருக்கமாக: கருவி, ஆள், சட்டம் மூன்றும் ஒன்றோடொன்று கோத்திருந்தால்தான் வேலை செய்யும். புகார் எண்ணிக்கையைத் தனியாக எடுத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நடந்து பார்த்தல்

எதைச் சரிசெய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய முறை உண்டு. பயப்படுகிறவர்களையே கூட்டிக்கொண்டு, பயமாக இருக்கும் நேரத்தில், அந்த வழியில் நடந்து குறிப்பெடுப்பது. இதைப் பாதுகாப்புத் தணிக்கை என்கிறார்கள். 1989ல் டொராண்டோவில் பெண்கள் அமைப்பு ஒன்று தொடங்கிய முறை இது. 2013ல் டெல்லியில் தொடங்கிய 'சேஃப்டிபின்' செயலி இதை ஒன்பது அளவுகளாக்கியது. வெளிச்சம், திறந்த வெளி, பிறர் கண்ணில் படுவது, ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, போக்குவரத்து வசதி, பெண்கள் நடமாட்டம் என்று எட்டு. ஒன்பதாவது, அங்கே நிற்கும்போது மனத்தில் என்ன தோன்றுகிறது என்பது. அதையும் ஓர் அளவாக ஏற்றது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நாங்கள் அப்படி நடந்தோம். நான், என் தங்கை, அவள் மகள், பக்கத்து வீட்டு ஆச்சி, கூடவே தங்கை மகளின் அப்பாவும். விலக்கு ரோட்டிலிருந்து கோயில் வரை 640 எட்டு. நான் எண்ணினேன். மின்கம்பம் ஏழு இருக்கிறது, விளக்கு ஒன்றிலும் இல்லை. நிழற்குடை இருக்கிறது, ஆனால் கருவேலம் வளர்ந்து பாதியை மூடிவிட்டது. நேரப் பலகை இல்லை. ஆச்சி இரண்டு இடத்தில் தடுக்கினார். பாதி வழியில் அவள் அப்பா நின்று, "பகல்ல இது இப்படித் தெரியலையே" என்றார்.

குறிப்பை ஒரே மனுவாக எழுதினால் எந்த அலுவலகமும் அது தன் வேலை இல்லை என்றுதான் சொல்லும். அதனால் பிரித்து எழுதினோம். விளக்குக்கும் கருவேலத்துக்கும் உள்ளாட்சிக்கு ஒன்று. பஸ் நேரத்துக்கும், இரவில் கோயில் முக்கில் நிற்பதற்கும் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு ஒன்று. மினி பஸ் கடைசி ட்ரிப் ஓடாமல் விட்டுப்போவது பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒன்று, ஏனென்றால் பெர்மிட் அங்கேதான். இரவு ரோந்து விலக்கு ரோடு வரை வர வேண்டும் என்று காவல் நிலையத்துக்கு ஒன்று. நான்கின் நகலையும் வைத்துக்கொண்டு 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் பதிவு செய்தோம்.

இரண்டு கம்பத்தில் விளக்கு வந்திருக்கிறது. இன்னும் ஐந்து பாக்கி. தங்கை மகள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். மற்ற ஐந்தும் எரியும் வரை பஸ் நேரத்துக்கு அவள் அப்பா கோயில் முக்கில் வந்து நிற்கிறார்.